முகவரியைப் பார்க்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்

அமெரிக்காவில் வரிப் படிவம் நிரப்பித் தரும் தமிழ்க் கணக்கர்களுக்கு,

வணக்கம். நானும் என் கணவரும் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறோம். இருவருக்கும் பணி ஜார்ஜியாவில். நான் டெக்சாஸ்காரி, அவர் வட கரோலினாக்காரர்.

எங்களைப் போன்ற தம்பதிகள் உங்களிடம் வருவது அரிது. உங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கணினித் துறையினர். குடியிருக்கும் மாநிலத்துக்கே வரி கட்டுபவர்கள். அந்தப் பழக்கத்தில், திருமணமான முதல் ஆண்டு எங்கள் கணக்கர் வீட்டு முகவரியைப் பார்த்ததுமே இருவரையும் ஜார்ஜியாவாசிகள் என்று எழுதிவிட்டார். கட்டவே வேண்டாத வரியைக் கட்டினோம். திருத்திய படிவம் அனுப்பி அந்தப் பணம் திரும்பக் கிடைப்பதற்குள் நான் வெளிநாட்டுப் பணிக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டேன்.

உத்தரவின் பேரில் ஒரு மாநிலத்தில் போய் இருப்பதால் மட்டும் படைவீரர் அந்த மாநிலத்தவர் ஆகிவிடுவதில்லை. அவருடைய ராணுவச் சம்பளத்துக்கு அந்த மாநிலம் வரி கேட்க முடியாது. 2003ஆம் ஆண்டின் படைவீரர் நிவாரணச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. டெக்சாஸில் வருமான வரியே இல்லை. ஆகவே என் சம்பளத்துக்கு எந்த மாநிலத்திலும் வரி கிடையாது.

சிக்கல் கணவர் பக்கம்தான்; வட கரோலினாவில் வருமான வரி உண்டு. ஃபெடரல் படிவத்தை, அதாவது மத்திய அரசுக்கான வரிப் படிவத்தை, சேர்ந்தே கொடுக்கிறோம். ஆனால் வட கரோலினாவுக்கு அவர் மட்டும் தனியாகக் கொடுக்கலாம். ஏனென்றால் நான் அந்த மாநிலத்தவளும் அல்ல, எனக்கு அங்கே வருமானமும் இல்லை. அதற்கு, ஃபெடரல் கணக்கையும் தனியாகக் கொடுத்ததுபோல் ஒருமுறை போட்டுப் பிரித்துக் காட்ட வேண்டும். மென்பொருளை அதன் போக்கில் விட்டால் என் சம்பளமும் அவருடைய மாநிலப் படிவத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தயவுசெய்து அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணால் பாருங்கள்.

2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னொரு வழியையும் திறந்திருக்கிறது. படைவீரரின் மாநிலம், வாழ்க்கைத் துணையின் மாநிலம், படைவீரரின் நிரந்தரப் பணியிடம் ஆகிய மூன்றில் ஒன்றை அந்தந்த ஆண்டின் வரிக்காகத் தம்பதியர் தேர்ந்துகொள்ளலாம். அந்தத் துணை ராணுவத்தில் இல்லாதவராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அப்படியென்றால் என் கணவர் டெக்சாஸைத் தேர்ந்துகொள்ளலாம். இதை எங்களுக்குச் சொன்னவர் கணக்கர் அல்லர், பக்கத்து வீட்டுச் சார்ஜென்ட். எனக்கு அது இன்னும் வலிக்கிறது; தமிழில் பேசி விளங்கிக்கொள்ளலாம் என்றுதானே உங்களைத் தேடி வருகிறோம்?

வீட்டு வாடகை வருமானம் மட்டும் வேறு: வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலம் வரி கேட்கும்.

எனவே, சீருடைக்காரர் யாராவது வந்தால், "உங்கள் சட்டப்பூர்வ மாநிலம் (பணிக்காக இருக்கும் மாநிலம் அல்ல, நீங்கள் சட்டப்படி சேர்ந்த மாநிலம்) எது?" என்று இருவரையும் தனித்தனியே கேளுங்கள். ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தில் மாநிலக் கட்டத்தையும் பணி உத்தரவையும் சரிபாருங்கள். ஐயம் தீராவிட்டால் பாதுகாப்புத் துறையின் மில்டாக்ஸ் என்ற இலவச வரி உதவிச் சேவைக்கு எங்களை அனுப்பிவிடுங்கள். நாங்கள் தவறாக எண்ண மாட்டோம்.

அன்புடன்,
ஜார்ஜியாவிலிருந்து ஒரு படைவீராங்கனை