190 கோல்களை எப்படி எண்ணுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், சர்வதேச உதைபந்தாட்டத்தில் அதிக கோல் அடித்தவர்களின் பட்டியல் வந்திருந்தது. கனடாவின் கிறிஸ்டின் சின்கிளேயர் 190 கோல்களுடன் முதலிடம். எண் சரிதான். ஆனால் கட்டுரையாளர் அதை ரொனால்டோ, மெஸ்ஸி ஆகியோரின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரணிகள் பலமில்லாதவை என்று ஒற்றை வரியில் தள்ளுபடியும் செய்துவிட்டார். ஒப்பீடும் பொருந்தவில்லை, தள்ளுபடியும் பொருந்தவில்லை.

முதலில் எண்ணும் முறை. இரு நாடுகளின் முதல்தர அணிகள் மோதும் போட்டிகளில் அடிக்கும் கோல்களே கணக்கில் சேரும். நட்புப் போட்டியும் இதில் அடக்கம். சமநிலைக்குப் பிறகு நடக்கும் பெனல்டி உதைகள் சேராது. ஒலிம்பிக்கில்தான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வித்தியாசம் வருகிறது. ஆண்கள் பிரிவு 23 வயதுக்குட்பட்டோர் அணி, மூவருக்கு மட்டும் விலக்கு. ஆகவே அந்தக் கோல்கள் சர்வதேசக் கணக்கில் வராது. பெண்கள் பிரிவில் வயதெல்லை இல்லை, எல்லாமே முழுச் சர்வதேசப் போட்டிகள். சின்கிளேயர் நான்கு ஒலிம்பிக்கில் ஆடினார். 2012இல் மட்டும் 6 கோல்கள்.

ஒப்பீடு பொருந்தாததற்கு இதைவிடப் பெரிய காரணம் லீக் இல்லாமை. சின்கிளேயர் 2000 மார்ச்சில், 16 வயதில், அல்கார்வே கிண்ணத்தில் சீனாவுக்கு எதிராக முதன்முதலில் கனடாவுக்கு ஆடினார். அமெரிக்காவின் முதல் தொழில்முறைப் பெண்கள் லீக் 2003இல் இழுத்து மூடப்பட்டது. 2005இல் போர்ட்லண்ட் பல்கலைக்கழகத்துக்காக ஒரே பருவத்தில் 39 கோல்கள் அடித்தவருக்கு, படிப்பை முடித்து வெளியே வந்தபோது வட அமெரிக்காவில் ஆட ஒரு முழுநேர லீக் கிடையாது. வன்கூவர் வைட்கப்ஸில் கோடைகால லீக்கில் ஆடினார். 2009இல் தொடங்கிய அடுத்த அமெரிக்க லீக்கும் 2012இல் படுத்துவிட்டது. 2013இல் போர்ட்லண்ட் தோர்ன்ஸ் கழகம் வந்த பிறகுதான் ஓரிடத்தில் நிலையாக ஆட முடிந்தது. கனடாவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் பிறந்தது 2025 ஏப்ரலில், அதாவது அவர் ஓய்வு பெற்ற பிறகு.

கழகம் இல்லாதபோது தேசிய அணிதான் வேலைத்தலம். வாரக்கணக்கில் பயிற்சி முகாம், ஆண்டுதோறும் அழைப்புச் சுற்று, இடையிடையே நட்புப் போட்டிகள். அமெரிக்காவின் கிறிஸ்டின் லில்லி 354 போட்டிகளில் ஆடியதும் சின்கிளேயர் 331 போட்டிகளில் ஆடியதும் இப்படித்தான். ஆண்களுக்கோ கழகங்கள் வீரரை விட்டுக்கொடுக்கும் நாட்கள் குறைவு. எனவே 190ஐ ஆண்களின் பட்டியலோடு நேருக்கு நேர் வைப்பது அவருக்கும் நியாயமில்லை, ஆண்களுக்கும் நியாயமில்லை.

பெண்களுக்குள்ளேயே ஒப்பிட்டால் என்ன வருகிறது? அமெரிக்காவின் அபி வம்பாக் 255 போட்டிகளில் 184 கோல்கள். ஒரு போட்டிக்கு 0.72. சின்கிளேயருக்கு 0.57. வம்பாக்தான் கூர்மையானவர் என்று பலர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுவார்கள். ஆனால் சின்கிளேயரின் கணக்கை 2012 டிசம்பரில் இரண்டாக வெட்டிப் பாருங்கள். அதுவரை 190 போட்டிகளில் 143 கோல்கள், அதாவது 0.75. அதன் பிறகு 141 போட்டிகளில் 47, மூன்று ஆட்டத்துக்கு ஒன்று.

கால் ஓய்ந்துவிட்டது என்பது பாதிப் பதில்தான். இடம் மாறிவிட்டது என்பது மீதி. ஜோன் ஹேர்ட்மன் கனடாவின் பயிற்றுநராக இருந்த காலத்தில் அவர் படிப்படியாக முன்வரிசையிலிருந்து இறங்கி, நடுக்களத்துக்கும் முன்களத்துக்கும் இடையில் ஆடத் தொடங்கினார். அந்த இடத்தில் வேலை வேறு. எதிரணியின் நடுத் தடுப்பாளரைத் தன்னோடு முன்னே இழுத்துவந்து, பந்தை முதுகால் காத்துப் பிடித்து, பின்னால் திறந்த வெளியில் வேகமான இளையவர்களை ஓடவிட வேண்டும். கோல் பட்டியலில் இதற்கு நிரலே இல்லை. கனடா 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதோ இந்தக் குறைந்த கோல் காலத்தில்தான்.

எதிரணி பலவீனம் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. 2020 ஜனவரி 29 அன்று செயின்ட் கிட்ஸ் அன்ட் நெவிஸ் அணியைக் கனடா 11-0 என்று வென்ற ஆட்டத்தில்தான் அவர் 184ஐயும் 185ஐயும் அடித்து வம்பாக்கைத் தாண்டினார். வட, மத்திய அமெரிக்கத் தகுதிகாண் சுற்றுகள் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஐந்து உலகக் கிண்ணங்களில் 10 கோல்கள் இருக்கின்றன. 2011இல் பெர்லினில் முழங்கை பட்டு மூக்குடைந்த பிறகும் வெளியேற மறுத்து, 82ஆம் நிமிடத்தில் ஜேர்மனிக்கு எதிராக நேரடி ப்ரீ கிக்கில் அடித்தார். 2007 உலகக் கிண்ணம் முழுவதும் ஒரு கோல்கூட விடாத அணி அது.

2012 ஓகஸ்ட் 6, ஓல்ட் ட்ரஃபர்டில் நடந்த ஒலிம்பிக் அரையிறுதியை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. அமெரிக்காவுக்கு எதிராக 22, 67, 73ஆம் நிமிடங்களில் சின்கிளேயர் மூன்று கோல்கள். 78ஆம் நிமிடமளவில் கனடா 3-2 என்று முன்னிலை. கோல்காப்பாளர் எரின் மக்லியோட் பந்தைக் கையில் வைத்திருக்க, மத்தியஸ்தரின் காதுக்குக் கேட்கும்படி வம்பாக் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு நொடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது அப்போதைய விதி. அதை மீறினால் மறைமுக ப்ரீ கிக். மத்தியஸ்தர் ஊதிவிட்டார். பிழை நடந்த இடம் பெனல்டி கட்டத்துக்குள் என்பதால் உதையும் அங்கிருந்தே. கோலுக்கு இவ்வளவு அருகில் தடுப்பாளர்கள் எல்லாரும் திரண்டு நின்றால், அடிக்கும் பந்து யாருடைய கையிலாவது படாமல் போவது அரிது. பட்டது. பெனல்டி. 80ஆம் நிமிடத்தில் வம்பாக் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தின் 123ஆம் நிமிடத்தில் அலெக்ஸ் மோர்கன் தலையால் முட்டி முடித்துவைத்தார்.

அந்த விதியின் கோளாறே தண்டனையின் கனம்தான். சின்னத் தாமதத்துக்குக் கோலுக்கு முன்னால் ப்ரீ கிக் என்றால் எந்த மத்தியஸ்தருக்கும் ஊத மனம் வராது. ஆகவே பெரும்பாலும் ஊதுவதில்லை, திடீரென ஒருநாள் ஊதினால் அநியாயமாகப் படும். 2025 ஜூலை முதல் விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது எட்டு நொடி. கடைசி ஐந்தை மத்தியஸ்தர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்டுவார். மீறினால் எதிரணிக்குக் கோர்னர் கிக். 2012இல் இது இருந்திருந்தால் அமெரிக்காவுக்குக் கிடைத்திருப்பது ஒரு கோர்னர். (அன்றைய ஆட்டத்தில் அமெரிக்காவின் ரபீனோ கோர்னரிலிருந்தே நேரடியாக ஒரு கோல் அடித்திருந்தார், அது வேறு கதை.)

பெனல்டிகள் பற்றியும் ஒன்று. 2019 உலகக் கிண்ணத்தில் சுவீடனுக்கு எதிரான பெனல்டியை சின்கிளேயர் சக வீராங்கனை ஜனின் பெக்கியிடம் கொடுத்தார். கோல்காப்பாளர் தடுத்துவிட்டார், கனடா வெளியேறியது. தலைவி ஒதுங்கலாமா என்று அன்று திட்டினார்கள். 2021 டோக்கியோவில், பிரேசிலுடனான காலிறுதிப் பெனல்டிகளில் அவர் அடித்ததே தடுக்கப்பட்டது. அடுத்த ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராகப் பெனல்டி கிடைத்ததும் பந்தை எடுத்து ஜெஸி ஃபிளெமிங்கிடம் நீட்டினார். 1-0. இறுதிப்போட்டியில் சுவீடனின் பெனல்டி கட்டத்துக்குள் வீழ்த்தப்பட்டவர் சின்கிளேயர். அடித்துச் சமப்படுத்தியவர் மறுபடியும் ஃபிளெமிங். 2023 உலகக் கிண்ணத்தில் நைஜீரியாவுக்கு எதிராகக் கிடைத்த பெனல்டியைச் சின்கிளேயர் தானே அடித்தார். உள்ளே போயிருந்தால் ஆறு உலகக் கிண்ணங்களில் கோல் அடித்த முதல் ஆள். கோல்காப்பாளர் நடோஸி பாய்ந்து தடுத்துவிட்டார். அந்தப் பந்தையும் ஃபிளெமிங்கிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. தங்கம் வென்ற 2021இல் கனடா உதைபந்தாட்டச் சம்மேளனம் ஆண்கள் அணிக்கு 11 மில்லியன் டொலரும் பெண்கள் அணிக்கு 5.1 மில்லியனும் செலவிட்டதாக வீராங்கனைகள் கணக்குக் காட்டினார்கள். 2023 பெப்ரவரியில் அவர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது, சட்ட நடவடிக்கை வரும் என்று சம்மேளனம் எச்சரித்து அவர்களை மைதானத்தில் இறக்கியது. மார்ச்சில் ஒட்டாவாவில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன நால்வரில் சின்கிளேயரும் ஒருவர். அவரைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் இதற்கு இரண்டு வரியாவது ஒதுக்கலாம்.

அடுத்த முறை இந்தப் பட்டியலைப் போடும்போது கோலுக்குப் பக்கத்தில் ஆடிய போட்டிகளின் எண்ணிக்கைக்கும், உலகக் கிண்ணம், ஒலிம்பிக் கோல்களுக்கும் தனித்தனி நிரல் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆண்களையும் பெண்களையும் இரண்டு அட்டவணைகளாகப் பிரித்தால் இடமும் அதிகம் பிடிக்காது.

இப்படிக்கு,
உதைபந்தாட்ட வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ