68,822 டாலர் பற்றாக்குறை: என்பிஏவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆணையர் திரு. ஆடம் சில்வர் அவர்களுக்கும், முப்பது அணி உரிமையாளர்கள் அமர்ந்திருக்கும் ஆளுநர் குழுவுக்கும், ஆட்டக்காரர்கள் சங்கத்துக்கும்,

வணக்கம்.

டாலஸ் மேவரிக்ஸின் 2024-25 சீசன் ஏப்ரல் 18 இரவு மெம்ஃபிஸில் 120-106 என்ற கணக்கில் முடிந்தது. ஆண்டனி டேவிஸ் 40 புள்ளி எடுத்தும் கரையேற முடியவில்லை. முந்தைய ஆண்டு இறுதிச் சுற்றில் பாஸ்டனோடு மோதிய அணி, இந்த ஆண்டு 39 வெற்றி, 43 தோல்வியோடு, ப்ளேஆஃபுக்கான தகுதிச் சுற்றான ப்ளே-இன்னிலேயே மூட்டையைக் கட்டியது. அணியின் நட்சத்திரம் லூகா டான்சிச்சை நள்ளிரவில் லேக்கர்ஸுக்குக் கைமாற்றியது பற்றி எழுத இந்த மடல் இல்லை. அது டாலஸ் நிர்வாகத்தின் முடிவு, அதற்கான வசவும் அவர்களுக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டது. மார்ச் மாதம் நடந்தது வேறு. அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது.

அந்த மாதத்தில் ஒரு தொழில்முறை அணி, ஆட்டத்துக்கு விதிப்படி வேண்டிய எட்டுப் பேர் தேறுவார்களா என்று தினமும் தலை எண்ணிக்கொண்டிருந்தது.

காயப் பட்டியல் உங்கள் அலுவலகத்துக்கே தினமும் வரும். ஆனாலும் ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடுங்கள். லூகாவுக்குப் பதிலாக வந்த டேவிஸ், டாலஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே, பிப்ரவரி 8 அன்று, தொடைத் தசை பிடித்து வெளியேறினார். அடுத்து டேனியல் காஃபோர்டின் முழங்கால். டெரக் லைவ்லிக்கு ஏற்கெனவே கணுக்காலில் எலும்பு விரிசல். மார்ச் 3 அன்று கைரி இர்விங்கின் இடது முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தக் காலோடு கோட்டில் நின்று இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். பி.ஜே. வாஷிங்டனுக்கும் ஜேடன் ஹார்டிக்கும் கணுக்கால், கேலப் மார்ட்டினுக்கு இடுப்பு, ப்ராஸ்பருக்கு மணிக்கட்டு, எக்ஸமுக்குக் கை.

இப்படி ஆனால் எந்த அணியும் செய்வது ஒன்றுதான்: என்பிஏவின் இளநிலை லீக்கான ஜி லீக்கிலிருந்து ஒருவரைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் கூப்பிடுவது. டாலஸிடம் நிரந்தர ஒப்பந்தத்துக்கான பதினைந்தாவது, கடைசி இடம் காலியாகத்தான் இருந்தது. நான்கு பேர் தலா மூன்று ஆட்டம் தவறி, இன்னும் இரண்டு வாரம் வரமாட்டார்கள் என்றால் கூடுதலாக ஓர் இடம் தரும் நெருக்கடி விதியும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. ஆக, இடத்துக்குப் பஞ்சமில்லை. அந்த இடத்தில் ஆளைச் சேர்க்கத்தான் அனுமதியில்லை.

காரணம் நீங்கள் அறிந்ததே. கிளே தாம்சனை சைன்-அண்ட்-டிரேட் முறையில் (பழைய அணி ஒப்பந்தம் போட்டுக் கைமாற்றித் தரும் முறை) வாங்கிய அன்றே டாலஸ், அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் போட்ட முதல் ஏப்ரன் என்ற வரம்புக்குள் பூட்டப்பட்டது. (சமையல்கட்டில் கட்டும் துணியின் பெயரை ஊதிய வரம்புக்கு வைத்தது யாரோ தெரியாது, நல்ல ரசனை.) 178,132,000 டாலர் என்ற அந்தக் கோட்டைச் சீசன் முடியும்வரை ஒரு டாலர்கூடத் தாண்டக்கூடாது. டாலஸுக்கு மிச்சம் இருந்தது 51,148 டாலர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். குறைந்தபட்ச ஒப்பந்தம் வரம்புக் கணக்கில் 2,087,519 டாலராக ஏறும். சீசனுக்கு 174 நாள். நாளொன்றுக்கு 11,997 டாலர். பத்து நாள் ஒப்பந்தத்துக்கு 119,970 டாலர். துண்டு விழுந்தது 68,822 டாலர். கையிலிருந்த பணம் நான்கு நாள் கூலிக்குத்தான் காணும். சீசன் ஏப்ரல் 13-இல் முடிகிறது, அதிலிருந்து பின்னோக்கி நான்கு நாள் எண்ணினால் ஏப்ரல் 10. லூகா எதிரணி ஜெர்சியில் டாலஸுக்குத் திரும்பி வந்து 45 புள்ளி அடித்துவிட்டுப் போனதற்கு மறுநாள்! அதுவரை, மார்ச் மாதம் முழுவதும், அந்த இடத்தில் புதிதாக ஒருவரையும் சேர்க்க வழியில்லை.

பதினொரு ஆண்டுக்கு 76 பில்லியன் டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டிருக்கும் லீக்கில்தான் இந்த 68,822 டாலர் தடையாக நின்றது.

என்பிஏவுக்கும் ஜி லீக்குக்கும் மாறி மாறி ஆடும் டூ-வே ஆட்டக்காரர்கள் மூவர் இருந்தார்களே என்பீர்கள். அங்கேயும் பூட்டுதான். ஒருவர் 50 ஆட்டத்துக்கு மேல் அணியில் இடம்பெறக்கூடாது. அதோடு, நிரந்தர ஒப்பந்தத்தில் பதினைந்து பேர் இல்லாத அணி என்றால், அந்தக் குறையோடு ஆடும் நாள்களில் டூ-வே ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தே 90 ஆட்டத்துக்கு மேல் போகக்கூடாது. சம்பளத்தை மிச்சம் பிடிக்க நிரந்தர இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு மலிவான ஆளை ஆடவிடும் கஞ்ச அணிகளுக்காகப் போட்ட விதி அது, நியாயமான விதி. ஆனால் டாலஸ் அந்த இடத்தை ஆசைப்பட்டா காலியாக வைத்திருந்தது? நிரப்பக்கூடாது என்று ஒரு விதி, நிரப்பாததற்குத் தண்டனை என்று இன்னொரு விதி. நடுவில் பிராண்டன் வில்லியம்ஸ், கெஸ்லர் எட்வர்ட்ஸ் போன்ற நல்ல உடம்போடு இருந்த பையன்களையும் ரேஷன் அரிசிபோல அளந்து அளந்து இறக்க வேண்டியதாயிற்று.

எட்டுப் பேர் என்பது வெறும் எண் இல்லை. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி நிரப்ப வேண்டியது 240 நிமிடம். பத்துப் பேர் இருந்தால் ஆளுக்கு 24. எட்டுப் பேர் என்றால் 30. அதுவும் சராசரிதான்; நடுவில் ஒருவர் கால் பிசகி உட்கார்ந்தாலோ ஆறு ஃபவுல் வாங்கி வெளியேறினாலோ மற்றவர் 40-ஐத் தொடுவார். மறுநாள் இரவே இன்னொரு ஊரில் ஆட்டம் இருந்தால் அதே கால்கள்தான் போக வேண்டும். களைப்பால்தான் ஒவ்வொரு காயமும் வருகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆள் குறையக் குறைய மீதி ஆள் தேய்வது எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியும்.

எட்டுப் பேரோடு ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 பிப்ரவரி 5 ஆட்டத்தின் பதிவை எடுத்துப் பாருங்கள். கிளீவ்லாந்தில் லேக்கர்ஸ். நிக் யங்குக்கு முழங்கால், ஃபார்மருக்குக் கெண்டைக்கால், கிறிஸ் கேமன் ஆறு ஃபவுலில் வெளியே. பெஞ்ச் காலியாகிவிட்டதால் கேமன் வரிசை நாற்காலிகள் மீது நீட்டிப் படுத்துக்கொண்டார். பிறகு ராபர்ட் சாக்ரேவுக்கும் ஆறாவது ஃபவுல். மாற்ற ஆளில்லை. ஐந்து பேருக்குக் கீழே போகக்கூடாது என்ற விதிப்படி அவரையே ஆடவிட்டு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார்கள். லேக்கர்ஸ் ஜெயித்தது, எல்லோரும் சிரித்தார்கள். அது வேடிக்கையாக முடிந்தது. 2021 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியா, ஆடவே முடியாத மைக் ஸ்காட்டுக்கு ஜெர்சி மாட்டி உட்கார வைத்து எட்டு என்ற கணக்கை நிறைவு செய்தது. அதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். காயம்பட்டவரை உடுத்தி உட்காரவைத்தால் சரி, ஆடத் தயாராக இருப்பவருக்குப் பத்து நாள் கூலி கொடுத்தால் தவறு என்பது என்ன கணக்கு என்று விளங்கவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. நெருக்கடி விதி பொருந்தும் அணி குறைந்தபட்சச் சம்பளத்தில் போடும் பத்து நாள் ஒப்பந்தம், ஏப்ரன் வரம்பில் சேராமல் இருக்கட்டும்.

புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் கோவிட் அலையில் சிகாகோவில் பத்துப் பேர் ஒதுங்கி, ஆட்டங்கள் தள்ளிப்போனபோது, நீங்களும் சங்கமும் சில நாளில் உட்கார்ந்து பேசி, மாற்று ஆட்டக்காரர்களின் சம்பளம் வரம்பிலும், அதிகச் சம்பளத்துக்கு அணி கட்டும் ஆடம்பர வரியிலும் சேராது என்று முடிவு செய்தீர்கள். அன்று முடிந்தது.

ஏமாற்றுவார்கள் என்ற பயம் நியாயம்தான். கணுக்கால் வலி என்று நான்கு பேரை உட்காரவைத்து, வரம்புக்கு வெளியே நல்ல ஆளை வாங்கப் பார்ப்பார்கள். அதற்குத் தாழ்ப்பாள் போடலாம். லீக் அனுப்பும் மருத்துவர் ஒவ்வொரு காயத்தையும் பார்க்கட்டும். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் ஒரு டாலர் கூடாது. காயம்பட்டவர்கள் திரும்பிய அன்றே அந்த இடம் மறையட்டும். அந்த ஒப்பந்தத்தை வைத்துப் ப்ளேஆஃபில் ஆட வைக்கக்கூடாது. ஆடம்பர வரியில் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், உரிமையாளர் கட்டட்டும்.

டாலஸ் நிர்வாகம் வரம்பின் விளிம்புவரை போய் நின்றது அவர்கள் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தப்புக்கு நிமிடக் கணக்கில் விலை கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள். பணமாகக் கொடுத்தவர்கள் ரசிகர்கள். பாதி அணி கோட் சூட்டில் உட்கார்ந்திருந்த அதே மார்ச்சில்தான் அடுத்த ஆண்டு சீசன் டிக்கெட் விலை ஏறுகிறது என்ற அறிவிப்பும் வந்தது. பிப்ரவரியிலேயே, பெரிய திரையில் முகம் தெரிந்தபோது அணியின் பொது மேலாளரை நீக்கச் சொல்லி வாயசைத்த ஒருவரை அரங்கை விட்டே வெளியேற்றினார்கள். எட்டுப் பேர் எண்ணிக்கைக்கு அவரையாவது உள்ளே கூப்பிட்டிருக்கலாம். 82 ஆட்டத்தைக் குறையுங்கள் என்றால் வருமானம் போகும் என்பீர்கள், அடுத்தடுத்த இரவு ஆட்டங்களைக் குறையுங்கள் என்றால் அரங்கம் கிடைக்காது என்பீர்கள், நட்சத்திரங்கள் ஓய்வெடுத்தால் மட்டும் அபராதம்...

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம்.

இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2029-30 வரை ஓடக்கூடியது. அதுவரை காத்திருந்தால் இன்னும் ஐந்து மார்ச் மாதங்கள். ஏப்ரன் பூட்டில் நிற்கும் எந்த அணிக்கும் இதே கதி வரலாம். லீக்கும் சங்கமும் ஒப்புக்கொண்டால் இடையிலேயே ஒரு துணை ஒப்பந்தம் போதும். ஜூலையில் ஆளுநர் குழு கூடும்போது இந்த ஒரு வரியை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்: நெருக்கடிப் பத்து நாள் ஒப்பந்தம் ஏப்ரனில் சேராது. முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
மேவரிக்ஸ் ஆட்டங்களைத் தவறாமல் பார்க்கும் ரசிகர்கள்
ஏப்ரல் 2025