சமாளிக்கிற கேக் இல்லை அது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழின் சமையல் பக்கத்தில் 'ஜப்பானிய ஆவி கப் கேக்' போட்டிருந்தீர்கள். முஷிபான் என்று பெயரைச் சரியாகவே அச்சிட்டிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் கடைசி வரி? "ஓவன் வாங்க வசதி இல்லாதவர்கள் இப்படியும் சமாளிக்கலாம்" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தச் 'சமாளிக்கலாம்' நாலு நாளாக என் தொண்டையிலேயே நிற்கிறது. ஐந்தாம் நாள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷிகசாயில் 14 வருஷமாக இருக்கிறேன். எனக்கு முஷிபான் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவர் வீட்டில் ஓவன் இருந்தது, சூடு பண்ணவும் பேக் பண்ணவும் ஒரே பெட்டி, இங்கே பல வீடுகளில் இருப்பது போல. அதன் தலையில் ரொட்டிப் பொட்டலத்தை அடுக்கி வைத்துவிட்டு, பேரன் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு வாணலியில் இரண்டு விரல்கடை தண்ணீர் கொதிக்க வைத்து முஷிபான் செய்வார். ஓவன் சூடேறி முடிப்பதற்குள் இது வெந்து, ஆறி, பேரன் வாய்க்குள் போயிருக்கும். வசதி இல்லாமலா செய்தார்? ஆவியில் வெந்தால்தான் அந்த ஈரமும் மெத்தென்ற பதமும் வரும், அதனால் செய்தார். முட்டையையும் மீன், கடற்பாசி போட்டு வடித்த சாறையும் கலந்து கோப்பையில் அவிக்கும் சவான்முஷி, பயறு வைத்த மான்ஜூ என்று ஆவியை நம்பியே எவ்வளவோ பண்டம் வைத்திருக்கிற ஊர் இது. இட்லிப் பானை இல்லாத வீடே இல்லாத நம் ஊர்ப் பத்திரிகை ஆவியைப் போய் ஏழை வீட்டு ஓவன் என்கிறது! இட்லியையும் இனி அப்படித்தான் எழுதுவீர்களா?

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இல்லாமையிலும் இதைத் தின்றிருக்கிறார்கள். போர் முடிந்த வருஷங்களில் அரிசி கிடைக்காமல், கொஞ்சம் மாவில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் துண்டு துண்டாகப் போட்டு அவித்துத் தின்ற கதையைப் பாட்டியே சொல்லியிருக்கிறார். "அப்போது கிழங்குக்கு நடுவில் மாவைத் தேடணும்" என்று சிரிப்பார். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது, உங்கள் சமையல் பக்கத்துக்கு இல்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். தலை பொன்னிறமாகச் சிவந்து, மேலே க்ரீம் சுழித்து, செர்ரி வைத்த கப் கேக். ஆவியில் வெந்ததற்குத் தலை எப்படிச் சிவக்கும்? செய்முறையைப் படித்து வெட்கப்பட்டுவிட்டதோ என்னவோ. அடுத்தது 'பெயர் விளக்கம்': முஷி என்றால் ஆவி, பான் என்றால் அது வேகும் பாத்திரமாம்! இங்கிலீஷ் 'பேன்' என்று நினைத்துக்கொண்டீர்கள் போல. பான் என்றால் ரொட்டி. போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், அவர்கள் தினமும் காலையில் வாங்கும் பாணும் அதே சொல்தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மதுரையில் என் தங்கை உங்கள் பக்கத்தைப் பார்த்து அப்படியே செய்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டாள். "அக்கா, இது கேக்கா சோப்பா, நீயே சொல்லு" என்று ஒன்றைப் பிட்டுக் காட்டினாள். உள்ளே மஞ்சளும் பழுப்புமாக, ஊறின அட்டை மாதிரி. என்ன போட்டாய் என்றேன். உங்கள் இதழைத் தூக்கிக் காட்டினாள். மைதா 2 கப், ஆப்பசோடா 1 டேபிள்ஸ்பூன். டேபிள்ஸ்பூன்! ஒரு பிடி புளிப்புகூட இல்லாத மாவில்! உங்களுக்குத் தெரியாததில்லை, ஆப்பசோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பைச் சேர்த்தே வைத்திருப்பார்கள். வெறும் சோடா மிஞ்சி நின்றால் வேகும் சூட்டில் சலவைச் சோடாவாக மாறும். அவள் சோப்பு என்றது சும்மா வாய்க்கு வந்த பேச்சில்லை. சோடா போடும் ஜப்பான் பண்டமும் இருக்கிறது, இவாத்தே, மியாகி மாகாணங்களின் கன்ஸுகி, ஆனால் அதில் வினிகரும் ஊற்றுவார்கள்.

நானும் பட்டவள்தான். வந்த புதிதில், ஊரிலிருந்து கொண்டுவந்த ஆப்பசோடாவைப் போட்டு ஊதாச் சர்க்கரைவள்ளிப் பொடியில் முஷிபான் செய்தேன். ஊதா மாவு கண்ணெதிரே நீலமாகி, மூடியைத் திறந்தபோது பாசி பிடித்த பச்சையில் ஆறு கேக். சோடா பட்டால் அந்த ஊதா அப்படித்தான் மாறுமாம், பாட்டி சொன்ன பிறகுதான் தெரிந்தது. என் பையன் அதைத் தொடவே இல்லை.

கப் அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு கப் என்றால் 200 மில்லி. நம் ஊரில் விற்கும் அளவுக் கப் அதைவிடப் பெரிது. எந்தக் கப் என்று சொல்லாமல் '2 கப்' என்றால் தங்கை எதை எடுப்பாள்? மாச்சா என்கிற பச்சைத் தேயிலைப் பொடி இல்லாவிட்டால் பச்சை கலர் பொடியாம். தேயிலைக்குப் பதில் சாயம்! இது மட்டும் சமாளிப்பில் சேராதா?

மூன்று வருஷத்துக்கு முன்பு, சுஷி என்றால் பச்சை மீன் என்று நீங்கள் எழுதியபோது, அது வினிகர் கலந்த சோறு, வெறும் பச்சை மீன் துண்டுக்கு சஷிமி என்று பெயர் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். போட்டீர்கள், மறுக்கவில்லை. "சுஷி கட்டுரை அருமை. வாசகி, டோக்கியோ" என்று போட்டீர்கள். நான் எழுதாத ஒரே வார்த்தை அந்த 'அருமை'. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சாப்பாடு சரியில்லாத நாளில் "அருமை, வாசகி" என்கிறார். முன்பெல்லாம் உங்கள் சமையல் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பாள் என் அம்மா. அந்த நோட்டு இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது, அதில் ஒரு குறிப்பும் ஏமாற்றியதில்லை. அப்போது யாரோ செய்து பார்த்துவிட்டு எழுதினார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு ஓரத்தில் இந்த அளவைப் போடுங்கள். மைதா 100 கிராம் (அதில் 2 டேபிள்ஸ்பூனை எடுத்துவிட்டு அதே அளவு கார்ன்ஃப்ளோர் கலந்தால் இங்குள்ள மாவின் மென்மை கிட்டத்தட்ட வரும்), பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சர்க்கரை 40 கிராம், முட்டை 1, பால் 80 மில்லி, எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். மாவு தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும், அடித்துத் துவைக்க வேண்டாம். கிண்ணத்தில் காகிதக் கப்பை வைத்து முக்கால்வாசி ஊற்றி, ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகு உள்ளே வைத்து, பெரிய தீயில் 12 நிமிஷம். இட்லிப் பானை மூடியில் ஒரு துணியைக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூடியில் வேர்க்கும் தண்ணீர் சொட்டி ஒவ்வொன்றின் தலையிலும் குழி விழும்.

வழக்கம்போல இந்தக் கடிதத்தையும் வெட்டுவீர்கள். வெட்டுங்கள். பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன் என்பதை மட்டும் விட்டுவையுங்கள், தங்கை மறுபடி செய்து பார்க்க உங்கள் அடுத்த இதழுக்காகக் காத்திருக்கிறாள். நான் போனில் சொன்னால் நம்ப மாட்டாளாம், புத்தகத்தில் வரவேண்டுமாம்.

இப்படிக்கு,
அதே வாசகி,
டோக்கியோ