அட்டையைத் தவிர எல்லாவற்றையும் விட்டுவிட்டீர்கள்: மின்னூல் வெளியிடும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். மேற்கு மாம்பலத்திலிருந்து எழுதுகிறேன். 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் மின்னூல்களை விற்க ஆரம்பித்ததற்குக் கொஞ்ச நாள் கழித்து நானும் ஒரு கிண்டில் வாங்கினேன். இன்று என் வாசிப்பில் பெரும்பங்கு அதில்தான். ஆகவே இந்தக் கடிதம் மின்னூலுக்கு எதிரானது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே, "உங்களுக்குப் புத்தக வாசனை வேணும், அவ்வளவுதானே" என்று முடித்துவிடுகிறார்கள். வாசனை எனக்கு வேண்டாம். சென்னை ஈரப்பதத்தில் பழைய புத்தக வாசனை என்பது பாதிக்கு மேல் பூஞ்சைதான். தும்மல் வரும்.

நான் மாறியதற்கான காரணங்களும் சென்னைக் காரணங்களே. வாடகை வீடு மாற்றுகிறவர்களுக்குத் தெரியும், சாமான் ஏற்ற வருகிற ஆட்கள் முதலில் பார்ப்பது புத்தக அலமாரியைத்தான். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால் அதற்குத் தனிக் காசு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையில் என் அக்கா வீட்டில் அலமாரியின் கீழ்த்தட்டுகள் இரண்டும் முழுகின. நனைந்த புத்தகத்தை மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்துப் பார்த்தோம். சாதாரணத் தாள் உப்பிப்போய் எப்படியோ பிரிந்தது. வழவழப்பான தாளில் அச்சிட்டவை ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. அப்புறம் கண். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இளைஞர்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது.

சரி, அப்புறம் என்ன குறை? காகிதத்தை விட்டு வந்த பிறகு எனக்கு எது எதெல்லாம் இல்லாமல் போனது என்று ஒருநாள் எழுதிப் பார்த்தேன். அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் காகிதத்தோடு சம்பந்தமே இல்லாதவை. அச்சுப் புத்தகத்தில் நீங்கள் கவனமாகச் செய்து, மின்னூலில் வேண்டாம் என்று விட்டுவிட்டவை. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன், கருவி செய்கிறவர்களுக்கு அல்ல.

பக்க எண்ணிலிருந்து தொடங்கலாம். நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் உட்கார்ந்து ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பாருங்க" என்பார் ஒருவர். காகிதக்காரர்கள் புரட்டிவிடுவார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும், "எந்த அத்தியாயம் சார்? அந்த வரி எப்படி ஆரம்பிக்குது?" என்று கேட்டுக்கொண்டிருப்போம். எங்களிடம் இருப்பது சதவீதம். "முப்பத்தேழு சதவீதத்தில் ஒரு வரி வருமே" என்று யாரும் பேசுவதில்லை. அச்சுப் பதிப்பின் பக்க எண்ணை மின்னூலோடு இணைத்துத் தர வசதி உண்டு. ஆங்கிலப் புத்தகங்கள் பலவற்றில் அப்படித் தருகிறார்கள். தமிழில் நான் வாங்கியவற்றில் அதைப் பார்த்ததாக நினைவில்லை.

தேடிப் பார்க்கலாமே என்பீர்கள். தேடலாம், எழுத்து உடையாமல் இருந்தால். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய எழுத்துருவில் கோத்து வைத்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, யாரும் மெய்ப்புப் பார்க்காமல் அப்படியே ஏற்றுகிறீர்கள். போன மாதம் வாங்கிய ஒரு கட்டுரைத் தொகுப்பில் "ஔவை" என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு முழுக் கட்டுரையே ஔவையார் பற்றியது. உள்ளே எல்லா இடத்திலும் ஒ-வும் ள-வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான் விஷயம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்குத் தெரியும். வேறு சில புத்தகங்களில் ஒற்றைக்கொம்பு எழுத்தை விட்டுத் தனியே வந்து வரியின் கடைசியில் நிற்கிறது. அச்சில் இப்படி ஒரு பக்கம் வந்திருந்தால் நீங்களே அந்த ஃபாரத்தை, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களை, தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அடித்திருப்பீர்கள்.

கவிதை நிலைமை இன்னும் மோசம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வரி மடிந்து கீழே வருகிறது. கவிஞர் உடைத்த இடம் எது, திரை உடைத்த இடம் எது என்று தெரிவதில்லை. மடிந்து வரும் பகுதியைச் சற்று உள்தள்ளி வைத்தால் போதும், வாசிக்கிறவருக்குப் புரிந்துவிடும். கோப்பைத் தயாரிக்கிறவருக்கு அது சிறிய வேலை.

சங்க இலக்கிய உரைப் பதிப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. உ.வே.சாமிநாதையர் காலத்திலிருந்து வந்த பழக்கம் என்ன? மேலே பாட்டு, அடுத்து உரை, கீழே பொடி எழுத்தில் பாடபேதமும் ஒப்புமைப் பகுதிகளும். பக்கத்தைத் திருப்பாமலே கண் மேலும் கீழும் போய்வரும். பாட்டில் ஒரு சொல்லில் நின்றால், கீழே வேறொரு சுவடியில் அந்த இடத்தில் என்ன சொல் இருந்தது என்று தெரியும். நூற்றாண்டுக்கு மேலாகப் பழகி அமைந்த பக்கம் அது. மின்னூலில் அந்த அடிக்குறிப்புகளைச் சிலர் புத்தகத்தின் கடைசியில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், இணைப்புகூடக் கிடையாது. பாட்டுக்குப் பக்கத்தில் 3 என்று ஒரு சிறிய எண் இருக்கும். தொட்டால் ஒன்றும் நடக்காது. சிலர் குறிப்புகளையே எடுத்துவிட்டு எண்ணை மட்டும் மறந்துபோய் வைத்திருக்கிறார்கள். தொட்டவுடன் குறிப்பு மேலெழும்பி வரும் வசதி இந்தக் கருவிகளில் இருக்கிறது. காகிதத்தைவிட மின்னூல் சிறப்பாகச் செய்திருக்கக்கூடிய ஒரு வேலை இது. அதைத்தான் கைவிட்டிருக்கிறீர்கள்.

பதிப்பு விவரப் பக்கமும் அப்படித்தான். முதல் பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது பதிப்பு, அட்டை யார், எந்த அச்சகம் என்று அச்சுப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்குமே, அது பல மின்னூல்களில் இல்லை. இருந்தாலும் மின்பதிப்பு ஏறிய ஆண்டு மட்டும் இருக்கிறது. ஒரு நாவலில் ஒருவர் பாரிமுனைக்கு டிராமில் போகிறார். சென்னையில் டிராம் 1953-இல் நின்றுபோனது. ஆசிரியர் டிராம் ஓடிய காலத்திலேயே எழுதினாரா, பின்னால் நினைத்துப் பார்த்து எழுதினாரா என்பது அந்தக் காட்சியை வாசிக்கிற விதத்தையே மாற்றிவிடும். அதைத் தெரிந்துகொள்ள நான் கடைசியில் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் அச்சுப் பிரதியைப் பார்க்க வேண்டியிருந்தது.

படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடியாது. என் சித்தி, வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். காலிகோ முதுகு, ஓரம் வெட்டியதில் சில வரிகளின் முதல் எழுத்தும் போயிருக்கும். கதைக்கு நடுவே துணுக்கு, மூக்குப்பொடி விளம்பரம், கால் பக்க ஜோக். ஒரு வாரம் இதழ் கைக்கு வராமல் போயிருக்கிறது. அந்த அத்தியாயத்தைப் பக்கத்து வீட்டில் வாங்கி, கோடு போட்ட நோட்டுத்தாளில் நீல மையில் முழுக்கக் கையால் எழுதி, சரியான இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறார். அந்த வாரத்துப் படத்தைக்கூடப் பென்சிலில் வரைந்து பார்த்திருக்கிறார். மூக்கு சரியாக வரவில்லை. அந்தத் தலைமுறைக்குக் கதாபாத்திரத்தின் முகம் என்றால் மணியமும் கோபுலுவும் போட்ட முகம்தான். அதே வகைத் தொடர்கள் இன்று மின்னூலாக வரும்போது படங்கள் இல்லை. உரிமைச் சிக்கல் இருக்கலாம், ஓவியர் குடும்பத்தாரிடம் பேச வேண்டியிருக்கலாம். பேசிப் பாருங்களேன். படம் போட ஒரு பக்கம் கூடினால் காகிதச் செலவு கூடும் என்ற பழைய சாக்கு இங்கே செல்லாது.

இதுவரை சொன்னதெல்லாம் நாளைக்கே சரி பண்ணக்கூடியவை. இனிச் சொல்லப்போவது அவ்வளவு சுலபம் இல்லை.

புத்தகம் கை மாறுவதைத்தான் நான் அதிகம் இழந்திருக்கிறேன். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. ஆனாலும் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம் இன்னும் கிடைக்கிறது. அங்கே வாங்கிய ஒரு சிறுகதைத் தொகுப்பின் முதல் பக்கத்தில் ஒரு பள்ளியின் பரிசுச் சீட்டு ஒட்டியிருக்கிறது: பேச்சுப் போட்டி, இரண்டாம் பரிசு, எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. பெயர் இருந்த இடத்தை யாரோ நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள். எடைக்குப் போடும்போது வெட்கமாக இருந்திருக்கும் போல. உள்ளே மூன்றாவது கதையின் முடிவில் "இப்படியா முடிப்பது?" என்று பச்சை மையில் ஒரு வரி. எட்டாம் வகுப்பின் கையெழுத்து இல்லை அது, பெரியவர் கை. எனக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை.

மின்னூலில் இரண்டாம் கை என்பதே கிடையாது. நண்பருக்கு இரவல் தர முடியாது, மகளுக்கு விட்டுச்செல்ல முடியாது, கல்யாணத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது. காரணம், நாம் வாங்குவது புத்தகம் அல்ல, படிக்கும் அனுமதி. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் புத்தகத்தை வெளியே இருந்து எடுக்க முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. 2025 பிப்ரவரியில், வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் நிறுத்திவிட்டார்கள்.

இதில் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஒன்று செய்யலாம். மின்னூலை ஏற்றும்போதே, நகலெடுக்க முடியாதபடி பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று பதிப்பாளரிடம்தான் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். திருட்டுப் பிடிஎஃப் பயம் எனக்குப் புரிகிறது, அதனால் உங்களுக்கு நஷ்டம் உண்டு என்பதும் தெரியும். ஆனால் டெலிகிராமில் சுற்றுகிற தமிழ்ப் பிடிஎஃப்களைப் பார்த்திருப்பீர்கள்: மடிப்புத் தெரியும், கட்டைவிரல் தெரியும், நூலக முத்திரை தெரியும். காகிதப் பிரதியை ஸ்கேன் பண்ணிப் போட்டவை அவை. உங்கள் பூட்டு அவர்களைத் தடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய என்னைத்தான் தடுக்கிறது.

இன்னொன்று, புத்தகக் காட்சியைப் பற்றியது. 1977-இல் உங்கள் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி தொடங்கிய அந்தக் காட்சிக்குப் பொங்கலையொட்டி நந்தனத்தில் கூட்டம் நெரிகிறது. பத்து சதவீதக் கழிவில் அச்சுப் புத்தகம் வாங்குகிறோம். அதே புத்தகத்தைக் கண்ணுக்கு வசதியாகப் படிக்க மின்னூலை இன்னொரு முறை வாங்குகிறோம். அச்சுப் பிரதி வாங்குகிறவருக்கு, பில்லோடு ஒரு சீட்டில், பூட்டில்லாத மின்பிரதியையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? இருபது முப்பது ரூபாய் கூடுதலாக வையுங்கள், தருகிறோம். காகிதம் அலமாரிக்கு, இரவலுக்கு, பேரன் பேத்திக்கு. மின்பிரதி என் கண்ணுக்கு. இடையில் தளக்காரருக்குப் பங்கு போகாது என்பது உங்களுக்கும் லாபம்.

மின்னூலாக மட்டும் வருகிற புத்தகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1954-இல் வந்த சட்டத்தின்படி அச்சிட்ட ஒவ்வொரு நூலின் பிரதியும் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போக வேண்டும். இன்று தமிழில் எத்தனையோ நாவல்கள் காகிதத்தைப் பார்க்காமலே வெளிவருகின்றன. அவற்றின் கோப்பை எங்காவது ஒரு நூலகத்தில் கொடுத்து வையுங்கள். தளம் நாளைக்குக் கடையை மூடினால் அந்த எழுத்து எங்கே இருக்கும்? வரி விஷயத்திலும் இவற்றுக்கு ஓரவஞ்சனைதான். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சில் வந்த நூலின் மின்பதிப்புக்கு 2018-இல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அச்சில் வராத மின்னூலுக்கு அந்தச் சலுகையும் இல்லை. இதை நீங்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்டால்தான் காதில் விழும். நான் தனியாகக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அடுத்த காட்சிக்கு வழக்கம்போல வருவேன். இந்த முறை ஸ்டாலில் இரண்டு கேள்விகள் கேட்பதாக இருக்கிறேன்: இந்தப் புத்தகத்தின் மின்பதிப்பில் அடிக்குறிப்பு வேலை செய்கிறதா, பூட்டு இருக்கிறதா? பில் போடுகிற தம்பிக்குத் தெரிந்திருக்காது, அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பதில் தெரிந்த ஒருவரின் எண்ணை மேஜையில் எழுதி ஒட்டி வையுங்கள், நானே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை.