முதல் மாத்திரைக்கு முன் ஓர் இரத்த மாதிரி: ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் வணக்கம். எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கும் முன் ஓர் இரத்த மாதிரி எடுத்துப் பதிவு செய்ய வேண்டியே இம்மடல்.

எச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களில் இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும் வைரஸ், பிறகு இறங்கி, சிகிச்சை தொடங்காதவரை ஏறத்தாழ ஒரே அளவில் நிலைகொள்கிறது. அந்த அளவு ஒருவருக்கு மில்லிலிட்டருக்குச் சில நூறு பிரதிகளாகவும் இன்னொருவருக்குப் பல லட்சமாகவும் இருக்கும். அது கூடக் கூட, நோயெதிர்ப்புக்கு உதவும் சிடி4 இரத்த வெள்ளை அணுக்கள் விரைந்து குறைகின்றன, பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் பெருகுகிறது. மனித மரபணுக்களையும் வைரஸ் மரபணுக்களையும் ஒருசேர ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வு, இந்த வேறுபாட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அவ்விரண்டும் விளக்குவதாகவும், அதில் வைரஸின் பங்கே பெரிது என்றும் கண்டது.

தொற்றிய அணுக்களை நோயெதிர்ப்பு அமைப்புக்குக் காட்டிக்கொடுக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் பி57, பி27 வகைகளைப் பெற்றவர்களின் உடல், வைரஸ் எளிதில் மாற்றிக்கொள்ள இயலாத புரதத் துண்டுகளைக் குறிவைக்கிறது; தப்பிக்க மாறும் வைரஸ் பெரும்பாலும் பெருகும் திறனில் ஒரு பகுதியை இழக்கிறது. வைரஸ் அணுவுக்குள் நுழையும் வாயிலை உருவாக்கும் சிசிஆர்5 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் 32 எழுத்துகள் விடுபட்டிருந்தால் நோய் மெதுவாகிறது. ஆனால் வட ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள அது இந்தியரிடம் மிக அரிது. ஐரோப்பியரிடம் கண்ட மரபணு விளைவுகளின் அட்டவணையை அப்படியே இங்கே எடுத்து வைக்க முடியாது.

வைரஸின் பங்குக்கு இரு எதிர்த் துருவங்கள் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் சிட்னியில் ஒரே கொடையாளரின் இரத்தத்தால் தொற்று பெற்றவர்களில் பலர், அந்த வைரஸின் நெஃப் மரபணுவில் ஒரு பகுதி இல்லாததால், பல ஆண்டுகள் மருந்தின்றியே நலமாக இருந்தனர். நெதர்லாந்தில் 109 பேரிடம் கண்டறியப்பட்டு 2022-இல் அறிவிக்கப்பட்ட விபி என்னும் எச்.ஐ.வி. வகையோ, வைரஸ் அளவை மூன்றரை முதல் ஐந்தரை மடங்கு வரை உயர்த்தி, சிடி4 அணுக்களை இருமடங்கு வேகத்தில் குறைத்தது. முறையாகச் சேமித்த மாதிரிகளும் மரபணு வரிசைகளும் இல்லாவிட்டால் அது கண்ணில் பட்டிருக்காது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே 1986-இல் சென்னையில் சுனிதி சாலமன் குழுவினர் திரட்டிய மாதிரிகளால்தான் தெரியவந்தது.

இந்தியாவில் பெரிதும் பரவியிருப்பது எச்.ஐ.வி.யின் சி உள்வகை. தொற்று உறுதியானதும் அனைவருக்கும் சிகிச்சை என்னும் 2017-ஆம் ஆண்டு முடிவு மிகச் சரியானது. அதில் ஒரு நாள் தாமதமும் கூடாது. ஆனால் இரத்தத்தில் வைரஸ் அளவைக் காணும் வழக்கமான வைரல் லோடு பரிசோதனை மருந்து தொடங்கி ஆறு மாதம் கழித்தே நடப்பதால், மருந்தின்றி நிலைகொண்ட அந்த அளவு பதிவாகாமலே மறைகிறது.

எனவே, தேர்ந்தெடுத்த சில ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை) மையங்களில், எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன், முதல் மாத்திரைக்கு முன் ஓர் இரத்த மாதிரி எடுத்து, வைரஸ் அளவு, வைரஸின் மரபணு வரிசை, நோயாளியின் எச்.எல்.ஏ. வகை ஆகிய மூன்றையும் பதிவு செய்ய வேண்டுகிறேன். முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைக்கத் தேவையில்லை. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் கோரும் இரகசியம் காக்கப்பட்டு, மாதிரிகள் பெயரின்றிக் குறியீட்டு எண்ணுடன் மட்டுமே ஆய்வகத்துக்குச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரத்தில் அக்கறை கொண்ட வாசகர் ஒருவர்