குஞ்சனின் கால்

அன்பின் மச்சானுக்கு,

மகளின் லவ் பேர்ட்ஸ் நாலு முட்டை இட்டிருக்கு என்று எழுதியிருந்தாய், படித்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். முதலில் போய் அந்தக் கூட்டுப் பெட்டியின் அடிப்பலகையைத் தடவிப் பார். வழுவழுப்பாக இருந்தால், குஞ்சு பொரிக்க முன்னமே இரண்டு விரல் உயரத்துக்கு மரச்சீவல் போட்டுவிடு. நான் அதைச் செய்யாமல் விட்டதால்தான் இங்கே ஒரு சின்ன உயிர், கால் இரண்டும் பக்கத்துக்கொன்றாக விரிந்து, வயிற்றால் கிடந்தது.

எங்கள் கொக்கட்டீல் சோடி, அதுதான் கொண்டை வைத்த சின்னக் கிளி, மூன்று குஞ்சு பொரித்தது. கடைசிக் குஞ்சுதான் குஞ்சன். ஒன்பதாம் நாள், கண் திறக்கிற நேரம், மற்ற இரண்டும் காலை மடக்கி இருக்க இவன் மட்டும் எழும்ப முயன்று முயன்று சறுக்குவதைக் கண்டேன். குருவி விற்கிற கடையில் கேட்டால், வளர வளரத் தானாகச் சரிவரும் என்றார்கள். நம்பி மூன்று நாள் சும்மா இருந்தேன் மச்சான், அந்த மூன்று நாள்தான் இப்பவும் நெஞ்சுக்குள் நிற்கிறது. குஞ்சின் எலும்பு அந்த வயதில் மெத்தென்று இருக்கும், அதனால் திருத்தவும் முடியும், விட்டால் கோணலோடேயே இறுகியும் விடும். இறுகிய பிறகு அறுவைச் சிகிச்சையைத் தவிர வேறு வழி குறைவு.

மிருக வைத்தியர் செய்தது பெரிய வித்தையில்லை. இரண்டு காலையும் உடம்புக்கு நேர் கீழே கொண்டுவந்து, சாதாரணமாக நிற்கிற இடைவெளி விட்டு, மெல்லிய துணி சுற்றி அதன்மேல் கடதாசி பிளாஸ்டரால் எட்டு வடிவில் இணைத்தார். இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால் விரல் வீங்குகிறதா, நிறம் மாறுகிறதா என்று நாளுக்குப் பலமுறை பார்க்கச் சொன்னார். குஞ்சு வளர்கிற வேகத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அந்தப் பிளாஸ்டரை மாற்றினோம். மற்ற நேரமெல்லாம் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் துணியைச் சுருட்டி வைத்து, கால் விரிய இடமில்லாமல் இருத்தினேன். பேப்பர் மட்டும் விரிக்காதே, அது வழுக்கும்.

தாயை விட்டு எடுத்தபடியால் தீனி நான்தான் கொடுத்தேன். பசுப்பால் கலந்து கொடு என்று பக்கத்து வீட்டு அக்கா அன்பாகத்தான் சொன்னா, ஆனால் பறவைக்குப் பால் செரிக்காது. குஞ்சுக்கென்றே விற்கிற மாவைக் கரைத்து, 39 முதல் 41 பாகை செல்சியஸ் சூட்டில், சிரிஞ்சால் கொடுக்க வேண்டும். அதைவிடச் சூடு கூடினால் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை வெந்துபோகும், ஆறினால் தீனி உள்ளே தேங்கிப் புளிக்கும். இரவில் பல்ப் வெளிச்சச் சூடு வைத்தேன், பகலில் தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று அனலாக வீசியதால் அது தேவைப்படவில்லை. வாயைத் திறந்து இளைத்தால் சூடு கூடிவிட்டது, உடம்பு நடுங்கினால் போதாது, அவ்வளவுதான் கணக்கு.

சறுக்குகிற பலகை ஒரு காரணம் என்றால், தாய்க்குக் கல்சியம் போதாமல் இருந்ததும் ஒன்றாக இருக்கலாம் என்றார் வைத்தியர். நாங்கள் வெறும் தினையும் சூரியகாந்தி விதையும்தானே போட்டோம். உப்புவெளிக் கரையில் சின்ன வயதில் பொறுக்கி விளையாடுவோமே கணவாய் ஓடு, அதேதான் மருந்து! நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பெடுத்து, வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டிவிடு. கொஞ்ச நேரம் காலை வெயிலும் படட்டும், ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் உதவாது. முருங்கையிலையும் கொடு.

குஞ்சனுக்கு இப்போது ஐந்து கிழமை. வலது கால் நேராகிவிட்டது, இடது கால் கொஞ்சம் வெளியே திரும்பியபடிதான் இருக்கும் போல. நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் கொய்யாக் கிளை கட்டியிருக்கிறேன், விழுந்தாலும் அடிபடாத மாதிரிக் கீழே துணி. நேற்றுப் பின்னேரம் முதல்முறையாக, முன்னே இரண்டு பின்னே இரண்டு என்று நாலு விரலாலும் கிளையைப் பிடித்துக்கொண்டு நித்திரையானான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், இருவரும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

சரி, அங்கே மரச்சீவல் கிடைக்காவிட்டால் உடனே சொல், வருகிற பஸ்ஸில் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன்.

உன் பழைய கூட்டாளி,
திருகோணமலை