சுருள், குறைந்த நீளத்தை ஈடுகட்டுவதில்லை

ஆசிரியருக்கு,

மொட்டை மாடியில் ஹாம் வானொலி (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலி) ஆன்டெனா நிறுத்துவது பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையில் ஒரு விளக்கம் தவறு. 40 மீட்டர் அலைவரிசைக்கு 10 மீட்டர், அதாவது கால் அலைநீள, உயரக் கம்பம் நட இடமில்லாதவர்கள், 2.5 மீட்டர் குழாயோடு ஒரு சுருளைச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்பது சரி. ‘குறைகிற ஏழரை மீட்டர் கம்பியைத்தான் சுருளாகச் சுற்றுகிறோம்’ என்பது சரியல்ல. அனுபவப்பட்ட ஹாம்களே இப்படிச் சொல்வதுண்டு.

கால் அலைநீளத்தைவிடக் குட்டையான கம்பி, மின்சுற்றில் ஒரு சிறு மின்தேக்கிபோல நடந்துகொள்கிறது. 12 மி.மீ. பருமனுள்ள 2.5 மீட்டர் குழாய், 7.1 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 880 ஓம் கபாசிட்டிவ் ரியாக்டன்ஸ் (மின்தேக்கி காட்டும் எதிர்ப்பு) காட்டும். அதற்கு நேரெதிரான இன்டக்டிவ் ரியாக்டன்ஸை (சுருள் காட்டும் எதிர்ப்பை) அதே அளவு கொடுத்து அதைக் கழித்துவிடுவதுதான் சுருளின் வேலை. அடியில் வைத்தால் 20 மைக்ரோஹென்றி (சுருளின் தூண்டல் அளவு) போதும். நடுவில் வைத்தால் 35 வேண்டும். ஏனென்றால் சுருளுக்கு மேலே இருக்கும் துண்டு பாதி நீளம்தான், அதன் கபாசிட்டன்ஸ் அந்த அளவுக்குக் குறைவு. 50 மி.மீ. பி.வி.சி. குழாயில் 1.5 மி.மீ. எனாமல் செம்புக் கம்பியை அதே பருமன் இடைவெளி விட்டுச் சுற்றினால், முதலாவதற்கு சுமார் 30 சுற்று, ஐந்து மீட்டருக்கும் குறைவான கம்பி. இரண்டாவதற்கு 46 சுற்று, ஏழரை மீட்டர். இந்த ஏழரை தற்செயல். பழைய நம்பிக்கை சாகாமல் இருப்பதற்கு இத்தகைய தற்செயல்களே காரணம் போலும்.

அப்படியானால் கூடுதல் கம்பி தின்னும் நடுச்சுருள் எதற்கு? குட்டைக் கம்பியில் மின்னோட்டம் அடியில் அதிகம், நுனியில் பூஜ்யம். சுருள் நடுவில் இருந்தால் கீழ்ப்பாதி முழுவதும் கிட்டத்தட்ட முழு மின்னோட்டம் பாயும். கதிர்வீச்சுத் தடை (வானில் ஏறும் ஆற்றலைக் குறிக்கும் தடை) 1.4 ஓமிலிருந்து 3 ஓமுக்கு ஏறும். அதுவும் சொற்பம்தான். சுருளின் க்யூ (அதன் ரியாக்டன்ஸுக்கும் இழப்புத் தடைக்கும் உள்ள விகிதம்) 200 என்றால் அதன் இழப்பு 7.7 ஓம். தரையிலும் ரேடியல்களிலும் (ஆன்டெனாவின் அடியிலிருந்து பக்கவாட்டில் விரிக்கும் கம்பிகள்) 10 ஓம் போகிறது என்று வைத்துக்கொண்டால், 100 வாட் செலுத்தும்போது வானில் ஏறுவது சுமார் 15 வாட். சுருளில் மட்டும் 37 வாட் சூடாகிப் போகிறது. அடிச்சுருளானால் 9 வாட்கூடத் தேறாது.

எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதன் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 வந்தால் வெற்றி என்று கட்டுரை முடிகிறது. நடுச்சுருளுக்கு மேலே சொன்ன 3, 7.7, 10 ஆகிய மூன்று தடைகளையும் கூட்டினால் 21 ஓம். 50 ஓம் கேபிளில் மீட்டர் 2.4 காட்டியாக வேண்டும். பொருத்துச்சுற்று (ஆன்டெனாவின் தடையைக் கேபிளுக்கு ஏற்ப மாற்றும் சுற்று) எதுவும் இல்லாமலே 1.1 காட்டினால், மிச்ச 29 ஓமும் எங்கோ இழப்பாக நுழைந்திருக்கிறது என்று பொருள். நாலு ரேடியலைப் பதினாறாக்கினால் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறும். பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. ஆன்டெனாவின் அடிக்கும் ரேடியல்களுக்கும் இடையே 1 மைக்ரோஹென்றி அளவில் ஒரு சிறு சுருளை இணைத்து, மேல் துண்டைச் சற்றே குறைத்தால் பொருந்திவிடும்.

சுற்றும்போது 1.5 மி.மீ. நைலான் நூலையும் கம்பியோடு சேர்த்துச் சுற்றிவிட்டுப் பிறகு நூலை உருவினால் இடைவெளி சீராக வரும். 48 சுற்று போட்டுக் கழிக்கலாம். அதிகப்படிச் சுற்றுகளை வெட்டி எடுக்காமல் ஒன்றோடொன்று குறுக்கிணைப்பது க்யூவைக் குறைக்கும். மேல் துண்டில் 1 செ.மீ. வெட்டினால் ரெசனன்ஸ் (ஆன்டெனா இசையும் அதிர்வெண்) ஏறக்குறைய 25, 30 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். ஆகவே கத்தரி மெதுவாகப் போகட்டும். சுற்றுகளுக்கிடையே மழைநீர் நின்றாலும் இசைவு மாறும். உறை போட்டு, அதன் அடியில் நீர் வடிய ஒரு துளை விடவேண்டும்.

கட்டுரை சொல்லாமல் விட்டது ஒன்று. 100 வாட்டில் இந்த நடுச்சுருளின் இரு முனைகளுக்கிடையே 3,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். துணி காயப்போடும் மாடியில் அது இடுப்பளவு உயரத்தில் நிற்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற்றி நிறுத்துங்கள்.

– ஹாம் வானொலி வாசகர், திருச்சி